அன்னாசிக்குக் கனம் போன ஆடி

எங்கள் சாமைக்காட்டுப்பட்டியில் அன்னாசிப் பழத்துக்குக் கனம் இல்லாமல் போன அந்த ஆடியில், பறித்த பழமெல்லாம் கூடையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பித் தொங்கிய அந்த ஆடியில், பெண்கள் தண்ணீர்க் குடத்தைச் சும்மாடு இல்லாமல் ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டு சரிவு ஏறிய அந்த ஆடியில், ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பெயர் செங்கமலம். அவள் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்ல என்னை விட்டால் இந்த மலையில் வேறு ஆள் கிடையாது, ஏனென்றால் பஸ் வந்து திரும்புகிற இடத்தில் டீக்கடை போட்டிருப்பவள் நான், யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது அந்த வீட்டுக்காரனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நல்லம்மாள் என்று பெயர், நல்லாக்கா என்று கேட்டால்தான் ஊரில் கை காட்டுவார்கள்.

செங்கமலத்துக்கும் அவள் புருஷன் பெரியண்ணனுக்கும் ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி பார்த்தாள், மூலிகை குடித்தாள், வந்தவர் போனவரெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கேட்டாள், கடைசியில் சுனையம்மனிடம் போய் நின்றாள். பாறை உச்சியில் வற்றாத சுனை ஒன்று இருக்கிறது, அதன் கரையில் உட்கார்ந்திருக்கிறவள் சுனையம்மன். அவள் கேட்டதைக் கொடுப்பாள், ஆனால் கறாரானவள். அவள் கொடுத்த பிள்ளையை ஆடித் திருவிழாவில், சூரியன் சுனைக்கு நேர் மேலே நிற்கிற உச்சிப்பொழுதில், தராசின் ஒரு தட்டில் உட்கார வைத்து, எடைக்கு எடை அன்னாசி கொடுத்துவிட வேண்டும். அந்த அன்னாசியும் பெற்றவள் தன் கையால் நட்டதாக இருக்க வேண்டும், விலைக்கு வாங்கியதும் இரவல் பழமும் செல்லாது. அதுவரைக்கும் பிள்ளை அம்மனுடையது, அடுத்தவள் பிள்ளைக்கு நாம் பெயர் வைக்க முடியுமா? மீறிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது அம்மன் காதில் விழும், 'அட, என் பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறதா' என்று ஞாபகம் வந்து அவள் அழைத்துக்கொள்வாள் என்பது எங்கள் பயம்.

மற்றவர்கள் முதல் ஆடியிலேயே இதை முடித்துவிடுவார்கள், பிள்ளை பூனைக்குட்டிக் கனம் இருக்கும்போதே. செங்கமலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் வருஷம் மழை பொய்த்தது, அடுத்த வருஷம் காட்டுப்பன்றி புகுந்தது, அதற்கு அடுத்த வருஷம் குரங்கு, அதற்கும் அடுத்த வருஷம் பழம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் அதற்குள் பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்து பழத்தட்டை அந்தரத்தில் தூக்கிவிட்டது. அன்னாசி நட்டுப் பழம் எடுக்க ஒன்றரை வருஷம் ஆகும். பிள்ளைகள் அதற்காகக் காத்துக்கொண்டா இருக்கும்? இப்படியே தள்ளிப்போய்த் தள்ளிப்போய் அந்தப் பெண் இரண்டாம் வகுப்புக்குப் போகிற வயதாகியும் பெயர் இல்லாமல் இருந்தாள்.

பெயர் இல்லை என்றால் கூப்பிடாமல் இருப்போமா? அப்பன் 'தங்கம்' என்பான், நான் 'சக்கரை' என்பேன், பஸ் டிரைவர் மாதையன் 'மகாராணி' என்பான், பள்ளிக்கூடத்தில் டீச்சர் வெறும் 'பாப்பா' என்பார், அவளும் எல்லாவற்றுக்கும் 'என்ன' என்று திரும்புவாள். செங்கமலம் மட்டும் செல்லப்பெயர்கூட வைக்கவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அவள் ஒரு பெயரை நினைத்துவிட்டாள், புருஷனிடம்கூடச் சொல்லாமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள், கொஞ்சுகிற வேகத்தில் அது நழுவி வெளியே விழுந்துவிடுமோ என்று பயந்து பிள்ளையைக் கொஞ்சுவதையே குறைத்துக்கொண்டாள். 'இந்தா', 'இங்க பாரு', 'வா' என்பதோடு சரி. பெற்ற பிள்ளையை 'இந்தா' என்று கூப்பிடுகிறவள் முகத்தைத் தினமும் பார்க்கிறவளுக்கு வயிறு எரியும், எனக்கு எரிந்தது.

சரி, பழத்தின் கனம் எப்படிப் போனது என்று கேட்பீர்கள், எல்லாம் ஒரு ஈ செய்த வேலை. மலை உச்சியில் பணக்காரர்கள் வந்து தங்கிப்போகிற விடுதி ஒன்று இருந்தது, அது மூடிப்போன அன்று தொட்டிச் செடிகளையெல்லாம் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். பார்த்தால் அன்னாசிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி: அதே சுற்றடுக்கு இலை, அதே நிமிர்வு, நடுக்குருத்து மட்டும் குங்குமச் சிவப்பு, இலைகள் சேருகிற இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கிற அளவுக்குக் குழி. கடல் தாண்டி எங்கிருந்தோ வந்த அழகுச் செடி, சாப்பிடுகிற மாதிரி எதையும் காய்க்காது. அதெல்லாம் எங்களுக்கு என்ன தெரியும்? பரம்பரை பரம்பரையாக அன்னாசி போடுகிற எங்கள் கண்ணுக்கு அது சிவப்பு அன்னாசி. செங்கமலம் அத்தனையையும் கூடை கூடையாகச் சுமந்து வந்து, தன் அன்னாசி வரிசைகளுக்கு நடுவில் நட்டு, சாணித்தண்ணீர் ஊற்றி, இந்தப் பழமும் சேர்ந்தால் இந்தத் தடவை பிள்ளை எடைக்கு எட்டிவிடும் என்று தினமும் காலையில் குனிந்து குனிந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தாள். நாங்களும் போய்ப் பார்த்தோம். இவ்வளவு நிமிர்ந்து நிற்கிற செடி சும்மா நிற்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பழம் வரவில்லை, ஈ வந்தது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடம்பு, பார்க்கக் குளவி மாதிரி இருக்கும், முதல் நாள் அதைக் கண்டு மாதையன் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினான். ஆனால் கொடுக்கு கிடையாது, கொட்டத் தெரியாது, சும்மா வேஷம். காற்றில் ஆணி அடித்து மாட்டியது போல ஒரே இடத்தில் அசையாமல் நின்று பறக்கும், அதனால் அதற்குத் தொங்கட்டான் என்று பெயர் வைத்தோம். ஒரு தொங்கட்டான் ஒரு பொருளுக்கு மேலே வந்து நின்றது என்றால், அது அங்கே நிற்கிற வரைக்கும் அந்தப் பொருளுக்குக் கனம் இருக்காது, மெல்ல எழும்பி ஒரு சாண் உயரத்தில் நிற்கும். இதை முதலில் பார்த்தவன் பெரியண்ணன். பறித்துப் போட்ட பழம் எழும்பியது, பிடித்துக் கூடையில் போட்டான், மறுபடி எழும்பியது, "இந்தப் பழம் ஒரு எடத்துல இருக்க மாட்டேங்குதே" என்று மேலே ஒரு கல்லை வைத்தான், கல்லும் சேர்ந்து எழும்பியது, அவன் கஞ்சி குடிக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொன்னால் பொழுது போய்விடும். தொங்கட்டானுக்குப் பழச்சாறு என்றால் உயிர் என்று தெரிந்ததும் பெண்கள் குடத்தின் கழுத்தில் அன்னாசிச் சாறு தடவினார்கள், குடம் எழும்பிக்கொண்டது, தள்ளினால் போதும். மாதையன் பஸ்ஸுக்கு நான்கு பக்கமும் சாறு தடவி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சிவப்புச் செடி ஒன்றை வைத்துக்கொண்டான், கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறுகிற வண்டி, தரையைத் தொடாமல் சத்தமில்லாமல் ஏறி வந்து நின்றது, ஆனால் பிரேக் பிடிக்காது என்பதால் என் கடை முன்னால் இருக்கிற வேப்பமரத்தில் மோதித்தான் நிற்கும், அதையும் மரம் பழகிக்கொண்டது. கொசு மருந்து அடிக்க வந்த பையன்கள் முதுகில் கட்டிய டப்பாவோடு எழும்பி, சிரித்துக்கொண்டே அடித்துவிட்டுப் போனார்கள், மருந்துதான் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்கோ முட்டிவலி, நாள் முழுக்க நின்று நின்று வந்தது. கையெல்லாம் சர்க்கரைப் பிசுக்கு என்பதால் தொங்கட்டான்கள் என் தலைக்கு மேலே வந்து நின்றன, நான் தரைக்கு ஒரு சாண் மேலே நின்று டீ ஆற்றினேன். அந்த ஆடி முழுக்க எனக்கு முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

புது வழக்கங்களும் வந்தன. பொழுது சாய்ந்தால் தொங்கட்டான்கள் சிவப்புச் செடியின் குழிகளுக்குத் தூங்கப் போய்விடும், போனதும் ஊரில் தொங்குவதெல்லாம் தொப்பென்று விழும். அதனால் வெயில் மஞ்சளாகும்போதே 'இறக்கு, இறக்கு' என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும், அண்டாவை இறக்குவார்கள், ஆட்டுக்கல்லை இறக்குவார்கள், தூங்கிப்போன மாமனாரை மெதுவாகக் கட்டிலில் இறக்குவார்கள். பழ வியாபாரி பகலில் எடை போட முடியாமல் இருட்டிய பிறகு வரப் பழகினார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அவர்களைவிட உயரமாக மிதப்பது மரியாதை இல்லை என்று பெரியவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, தானாக வந்தது.

அந்த வருஷம் செங்கமலத்தின் காட்டில் அன்னாசி அப்படி விளைந்திருந்தது. பன்றி வரவில்லை, குரங்கு வரவில்லை, மழை கேட்ட நேரத்தில் பெய்தது. பிள்ளை எடைக்கு மேலேயே பழம் இருக்கிறது, ஆனால் அந்தப் பழத்துக்குத்தான் எடை இல்லை. பகலில்தான் எடை போட வேண்டும், பகலில்தான் தொங்கட்டான் சுற்றும். அவள் ஒருநாள் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள், டீயைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

"அக்கா, வேப்பந்தழை போட்டுப் புகை காட்டிப் பாத்துட்டேன். சாக்கு போட்டு மூடிப் பாத்துட்டேன். போவேனாங்குது" என்றாள்.

"இன்னொரு வருஷம் பொறு புள்ள" என்றேன்.

"எத்தன வருஷந்தான் பொறுக்கறது? நேத்து பள்ளிக்கூடம் விட்டு வந்து கேக்கறா, 'எல்லாரையும் அவங்கம்மா பேரு சொல்லிக் கூப்புடறாங்க, நீ மட்டும் இந்தாங்கற, எனக்கு ஏம்மா பேரு இல்ல'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?" என்றவள், டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "அந்தச் செவப்புச் செடியில தண்ணி நின்னாத்தானே அது குஞ்சு பொரிக்குது. கவுத்து ஊத்திட்டா ஒழிஞ்சிரும்" என்றாள்.

பஸ் டிரைவர் மாதையன் பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தான். "என்ன தங்கச்சி இப்படிச் சொல்லிட்ட? மலையே இப்பத்தான் மூச்சு வுடுது. குடம் தூக்கித் தூக்கிக் கழுத்து போன பொம்பளைங்கள நெனச்சுப் பாரு" என்றான்.

"உனக்கென்ன, பஸ் சும்மா ஏறுது, அந்தக் கொழுப்பு பேசுது" என்று அவனை நான் அதட்டினேன், ஆனால் எனக்கும் என் முட்டி ஞாபகத்துக்கு வந்தது, அதைச் சொல்லாமல் விட்டேன். கடையில் இருந்த எல்லாரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். கடைசியில் மாதையனே, "செடி நீ நட்டது. உன் இஷ்டம் தங்கச்சி. யாரும் கேள்வி கேக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தான். சொல்லும்போது அவன் முகத்தில் களையே இல்லை, ஆனாலும் சொன்னான்.

மறுநாள் விடிகாலையில், தொங்கட்டான்கள் எழுந்திருக்கும் முன்னால், செங்கமலம் காட்டுக்குப் போனாள். புருஷன் மண்வெட்டியோடு பின்னால் போனான். முதல் செடியின் இலைகளைப் பிடித்துச் சாய்க்கக் குனிந்தவள், குழிக்குள் பார்த்தாள். தெளிந்த தண்ணீர், அதற்குள் குட்டி குட்டியாகப் புழுக்கள், ஒவ்வொன்றுக்கும் எலிவால் மாதிரி ஒரு நீள வால், அந்த வாலின் நுனியைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி அதன் வழியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. சாய்க்கப் போன கையை அவள் எடுக்கவும் இல்லை, சாய்க்கவும் இல்லை. வருஷக்கணக்காக ஒரு குழந்தைக்குக் காத்துக் கிடந்தவளுக்கு, தொட்டிலைக் கவிழ்க்கக் கை வருமா?

"ஏங்க, எல்லாம் மூச்சு வுட்டுக்கிட்டுக் கெடக்குதுங்க" என்றாள்.

பெரியண்ணன் எட்டிப் பார்த்தான். "ஆமா" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பிறகு செடியை நேராக நிமிர்த்தி, மண் அணைத்து, வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இதை அவன் என்னிடம் சொன்ன அன்றைக்கு நான் அவனிடம் டீக்குக் காசு வாங்கவில்லை.

திருவிழாவும் வந்தது. சுனைக்கரையில் பலாமரத்துக் கிளையில் பெரிய தராசைக் கட்டினார்கள். ஒரு தட்டில் பாவாடை சட்டை போட்டு, பூ வைத்து, பிள்ளை உட்கார்ந்தாள். எதிர்த் தட்டில் செங்கமலத்தின் பழம் மலையாகக் குவிந்தது, குவிந்த வேகத்தில் எழும்பிவிடும் என்பதால் மீன்வலை போட்டுத் தட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். கூட்டமாகத் தொங்கட்டான் வந்து அதன் மேலே நின்றது. பழத்தட்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பிள்ளை உட்கார்ந்த தட்டு தரையில் கிடந்தது. ஊரே வேப்பந்தழையும் துண்டும் முந்தானையுமாக விசிறியது, தங்களுக்குச் சுகம் கொடுத்த பூச்சியை அவர்களே 'போ சாமி, ஒரு நிமிஷம் போய்ட்டு வா சாமி' என்று கெஞ்சிக்கொண்டு விசிறினார்கள். மாதையன் சட்டையைக் கழற்றி விசிறினான். போனால்தானே.

பூசாரி சடையன் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "உச்சிப்பொழுது ஆயிப்போச்சு. இது நவுந்துட்டா இனி அடுத்த ஆடிதான் செங்கமலம்" என்றார். அவள் தராசுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு இறங்கியது.

பிள்ளைக்கோ பசி. காலையிலிருந்து விரதம் என்று ஒன்றும் கொடுக்கவில்லை. எதிரே மலையாகப் பழத்தை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பட்டினி போடுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மன் பழத்தைத்தானே தொடக்கூடாது, என் கடைப் பழத்தை யார் கேட்பது என்று, கூடையில் கொண்டுபோயிருந்த நன்றாகக் கனிந்த பழம் ஒன்றை அறுத்துப் பெரிய துண்டாக அவள் கையில் கொடுத்தேன். ஆமாம், நான்தான் கொடுத்தேன், இன்றைக்கும் கொடுப்பேன். கடித்தாள் பாருங்கள், சாறு மோவாயில் வழிந்து, கழுத்தில் வழிந்து, இரண்டு முழங்கையிலும் வழிந்து, புதுச் சட்டை நனைந்தது.

முதலில் ஒரே ஒரு தொங்கட்டான்தான் திரும்பியது. அது அவள் உச்சந்தலைக்கு மேலே வந்து நின்றது. பிறகு இன்னொன்று, பிறகு பத்துப் பதினைந்து, பிறகு பழக்குவியலின் மேலே நின்ற அத்தனையும் ஒரே ரீங்காரத்தில் திரும்பி அவள் தலைக்கு மேலே வந்துவிட்டன. பிள்ளையின் கனம் போனது, அதே நேரத்தில் பழத்தின் கனம் திரும்பி வந்தது. தூக்கிக் கிடந்த தட்டு இறங்கியது, இறங்கிக் கிடந்த தட்டு ஏறியது, நடுவில் ஒரு கண்ணிமைக்கும் நேரம் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன, அடுத்த கணம் பழத்தட்டு தரையில் படாரென்று மோத, பிள்ளை கையில் பழத்துண்டோடு மேலே தூக்கி எறியப்பட்டாள். ஒரு சாணோடு நிற்கவில்லை. பலாமரத்துக் கிளையைத் தாண்டி, கோயில் கொடியைத் தாண்டிப் போய், ஈக்கூட்டத்துக்கு அடியில் அந்தரத்தில் நின்றாள்.

"அம்மா, நம்ம வூடு தெரியுது" என்று அவள் மேலிருந்து சொன்னாள், பழத்தை இன்னொரு கடி கடித்தாள்.

எங்கள் ஊர் ஆட்களைப் பற்றி நான் பெருமையாகத்தான் பேசுவேன், ஆனால் அன்றைக்கு அவர்கள் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை மேலே தொங்குகிறது, இவர்கள் கீழே நின்று வழக்குப் பேசினார்கள். தட்டு சமமாக நின்றதா இல்லையா? "சமத்துக்கு வந்துச்சு, என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றான் மாதையன். "வந்துச்சு, நின்னுச்சா? தாண்டித்தானே போச்சு" என்றார் சடையன், "சூடம் காட்டி முடிக்கற வரைக்கும் முள்ளு நேரா நிக்கணும், அதான் மொறை." பஸ் ஸ்டாப்பைக் கடந்து போனால் வந்ததாக அர்த்தமா இல்லையா என்று ஒருத்தன் மாதையனை மடக்கினான். பெரியண்ணன் மட்டும் யாரோடும் பேசாமல் பலாமரத்தில் ஏறி, நுனிக்கிளை வரை போய்க் கையை நீட்டினான், எட்டவில்லை.

அப்போது காற்று அடித்தது. ஆடிக் காற்று, மேற்கேயிருந்து வரும், எங்கள் மலையில் அது நின்று நிதானிக்கிற காற்று இல்லை. பிள்ளையை மெல்லத் தள்ளியது, சுனையைத் தாண்டி, பாறை விளிம்பைத் தாண்டி, அந்தப் பக்கம் அடிவாரம் வரைக்கும் ஒன்றுமே இல்லாத பள்ளத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தியது. வழக்குப் பேசியவர்கள் வாய் மூடிக்கொண்டது. அவள் கையில் பழம் தீர்ந்துபோயிருந்தது, சாறு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, ஒரு தொங்கட்டான் அவளை விட்டு விலகிச் செடியின் பக்கம் பறந்தது, அதன் பின்னால் இன்னொன்று.

பிள்ளை கீழே பார்த்தாள். முதல் தடவையாகப் பயந்தாள்.

"அம்மா, என்னக் கூப்புடும்மா" என்றாள்.

செங்கமலம் விளிம்பில் நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள், "இந்தா" என்றாள். அந்த 'இந்தா' அவள் காலடியிலேயே விழுந்தது, பிள்ளை வரைக்கும் போகவில்லை. திரும்பிப் பூசாரியைப் பார்த்தாள், அவர் இன்னும் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேர்த்திக்கடன் முடிந்ததா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. முடியவில்லை என்றால் பெயரைச் சொன்னதும் அம்மன் எடுத்துக்கொள்வாள், சொல்லவில்லை என்றால் காற்று எடுத்துக்கொள்ளும். அவள் சுனைப்பக்கம் திரும்பி, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில், "பழம் அங்க இருக்குது, எடுத்துக்க. பிள்ள என்னுது" என்றாள்.

பிறகு அத்தனை வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை வெளியே விட்டாள்.

"மின்னல்கொடி" என்று கூப்பிட்டாள்.

மலைக்கு மலை அது எதிரொலித்தது. அந்தரத்தில் தொங்கிய பிள்ளை ஒரு குலுக்குக் குலுங்கினாள், தூங்குகிறவளைத் தொட்டு எழுப்பியது போல. அது தன் பெயர் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. "என்னம்மா" என்றாள். அவளுக்குக் கனம் வந்துவிட்டது, ஆனால் பள்ளத்தில் விழுகிற கனம் இல்லை, தாயின் குரல் இருக்கிற பக்கமாகச் சரிகிற கனம். "மின்னல்கொடி, வாடி இங்க" என்றாள் செங்கமலம், பிள்ளை ஒரு எட்டு நகர்ந்தாள். "மின்னல்கொடி, என் கண்ணு" என்றாள், இன்னும் ஒரு எட்டு. கூப்பிடக் கூப்பிட, படி இறங்கி வருகிறவள் மாதிரி காற்றில் இறங்கி இறங்கி, பாறை விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து, செங்கமலத்தின் இடுப்பில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த கனத்தில் செங்கமலம் இரண்டடி பின்வாங்கிப் பாறையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்னா கனம் கனக்கறடி" என்றாள். அழுதாள், சிரித்தாள், பிள்ளையின் பிசுபிசுத்த கன்னத்தில் முகத்தை வைத்துத் தேய்த்தாள், "என்னா கனம், எம்மாங் கனம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லாரும் அழுதோம், மாதையன் கழற்றிய சட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

பூசாரி சடையன் தராசுப் பக்கத்தில் போய்ப் பழத்தட்டைக் காலால் தொட்டுப் பார்த்தார். அது அசையாமல் தரையில் கிடந்தது. பிள்ளைத்தட்டு காலியாக மேலே ஆடிக்கொண்டிருந்தது. "பழம் எறங்கிருச்சு, பிள்ள தட்ட வுட்டு வந்துருச்சு, அம்மனும் ஒண்ணும் சொல்லல. இதுக்கு மேல நான் யாரு கேக்கறதுக்கு" என்று சூடத்தைக் கொளுத்தினார். அன்றைக்கு ஊருக்கே அன்னாசிப் பழம், தின்று தின்று நாக்கு வெந்துபோனது.

அதற்கப்புறம் எங்கள் ஊரில் ஒரு புத்தி வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கனம் திரும்பும் என்று தெரிந்ததும், பகலில் எடை போட வேண்டிய பழத்துக்கெல்லாம் பெயர் வைக்க ஆரம்பித்தோம். வியாபாரி தராசை எடுத்ததும் பெண்கள் பக்கத்தில் நின்று 'இறங்கு ராசப்பா', 'உட்காரு மல்லிகா' என்று கூப்பிடுவார்கள், பழங்கள் இறங்கி உட்காரும். மருமகள்கள் பெரும்பாலும் மாமியார் பெயரைத்தான் வைக்கிறார்கள், வியாபாரி அறுக்கும்போது பார்க்க வசதியாக இருக்கிறதாம். மாதையன் பஸ்ஸுக்குக்கூட ஒரு பெயர் வைத்துவிட்டான், என் கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே அதைச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துகிறான், வேப்பமரம் பிழைத்தது. சிவப்புச் செடிகள் செங்கமலம் காட்டில் அப்படியே நிற்கின்றன, கோடையில் குழி வற்றினால் அவளே சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஒவ்வொன்றாக ஊற்றுகிறாள். என் முட்டியும் சௌக்கியமாக இருக்கிறது.

சாயந்திரம் ஆனால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் என் கடையைத் தாண்டிக் காட்டுப் பக்கம் ஓடிவிடும். பொழுது சாய்கிற நேரத்துக்குச் செங்கமலம் வாசலுக்கு வந்து "மின்னல்கொடி" என்று குரல் கொடுப்பாள். அந்தக் கழுதை ஒரு தடவையில் வரமாட்டாள். என் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, காது கேட்காத மாதிரி நிற்பாள், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று. அது செங்கமலத்துக்கும் தெரியும், அதனால்தான் அவளும் முதல் தடவை வேண்டுமென்றே மெதுவாகக் கூப்பிடுகிறாள்.